சைட்டில் பாதுகாப்புக் குழு: தலைவராகப் போகும் தம்பிக்கு

பம்பலப்பிட்டிப் பக்கம் 22 மாடிக் கட்டடம் ஒன்றில் ஷட்டரிங் வேலை (கொங்கிரீட் ஊற்ற அச்சுப் பலகை அடிப்பது) செய்யும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். சேஃப்டி ஒபிசர் அவரைக் கூப்பிட்டு, "தொழிலாளர்களே நடத்துகிற பாதுகாப்புக் குழு ஒன்று போடப் போகிறோம், நீ தலைவராக இரு" என்றாராம். தம்பிக்கு இரண்டு பயம். கம்பனியின் கண்துடைப்புக்குத் தன் பெயரைக் கொடுத்துவிடுவோமோ என்பது ஒன்று. உண்மையிலேயே வாயைத் திறந்தால் வேலை போய்விடுமோ என்பது மற்றது. எப்படி நடத்துவது, எங்கே தொடங்குவது என்பது கேள்வி.

தம்பி, இரண்டு பயமும் நியாயமானவை. நான் ஹட்டனிலிருந்து வந்து கொள்ளுப்பிட்டியில் கையாளாகச் சேர்ந்தவன். பிறகு கம்பி கட்டினேன், அப்புறம் சேஃப்டி பக்கம் வந்தேன். இத்தனை வருடத்தில் மூன்று குழுக்களில் இருந்திருக்கிறேன். இரண்டு செத்துப்போயின, ஒன்று கட்டடம் முடியும் வரை உயிரோடு இருந்தது. செத்தவற்றைப் பற்றி முதலில் சொன்னால் உங்களுக்கு உதவும்.

முதலாவது குழுவின் பெயர்ப் பட்டியலை ஒபிசில் டைப் அடித்தே கொண்டுவந்தார்கள். பேனர் கட்டி, புது ஜாக்கெட் போட்டுப் படம் எடுத்து, பணிஸும் பிளேன்டீயும் கொடுத்தார்கள். கூட்டக் குறிப்பில் ஒவ்வொரு மாதமும் அதே வரிதான்: "எல்லோரும் ஹெல்மெட் அணிய வேண்டும்." நாங்கள் எங்களுக்கே புத்தி சொல்லிக்கொண்டு இருந்தோம். கம்பனி செய்ய வேண்டியது என்று ஒரு வரிகூட அதில் இல்லை. இரண்டாவது குழுவில் ஆட்கள் நல்லவர்கள், ஆனால் மாதம் ஒரு முறைதான் கூடினோம். பத்து நாளைக்கு ஒரு ஸ்லாப் போடுகிற சைட்டில், போன மாதம் நாங்கள் எழுதிய திறந்த விளிம்பு இந்த மாதம் மூன்று மாடிக்குக் கீழே போயிருக்கும். அங்கே சுவரே கட்டியாகியிருக்கும். மேலே புது விளிம்பு, புது ஆபத்து. நாங்கள் எப்போதும் பழைய கட்டடத்தைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தோம்.

ஆகவே தலைவர் பதவிக்குத் தலையாட்டுவதற்கு முன்பே மூன்று விஷயங்களைக் கேளுங்கள். ஆட்களைத் தொழிலாளர்களே தெரிவு செய்வார்களா? வாரம் ஒரு தடவை, வேலை நேரத்தில், சம்பளத்தோடு அரை மணி நேரம் கிடைக்குமா? பணம் செலவழிக்க அதிகாரம் உள்ள ஒருவர், அதாவது புரொஜெக்ட் மனேஜரோ அவருக்கு அடுத்தவரோ, ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசிப் பத்து நிமிடமாவது வந்து இருப்பாரா? மூன்றாவது முக்கியம். சேஃப்டி ஒபிசர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நூறு பலகை வாங்க அவரால் கையெழுத்துப் போட முடியாது. இந்த மூன்றில் இரண்டுக்கு இல்லை என்றால், "யோசித்துச் சொல்கிறேன் சேர்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

ஆட்களைத் தெரிவு செய்வது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அங்கேதான் அதிகம் பிழை நடக்கிறது. கேங்குக்கு ஒருவர் என்று எடுங்கள்: ஷட்டரிங், கம்பி, கொங்கிரீட், பலஞ்சி (சாரம்) கட்டுபவர்கள், மேசன், எலெக்ட்ரிக், கிரேனுக்குச் சைகை காட்டுபவர். கூட்டித் துடைக்கிற பெண்களை விட்டுவிடாதீர்கள். எல்லா மாடிக்கும் போகிறவர்கள் அவர்கள் மட்டும்தான். போர்மனைத் தூர நிற்கச் சொல்லிவிட்டுக் காலையில் கேங்கைக் கூட்டி, "யாரைப் போடலாம்?" என்று கேட்டால் வாய் நீளமானவன் பெயர்தான் வரும். நாங்கள் மூன்றாவது சைட்டில் வேறு மாதிரிக் கேட்டோம்: "உங்களுக்கு அடிபட்டால் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள்?" பலஞ்சி கேங்கில் எல்லோரும் ஒரே ஆளைக் காட்டினார்கள். பேசவே பேசாத ஒரு வாழைச்சேனை மனுஷன். குழுவில் நாலு மாதம் இருந்து அவர் மொத்தம் பேசியது நூறு சொல் இருக்குமோ என்னவோ, ஆனால் அவர் கை நீட்டிய இடத்தில் எல்லாம் ஏதோ ஒரு பிழை இருந்தது.

இன்னொன்று, உங்கள் சைட்டில் பாதிப்பேர் கம்பனியின் நேரடி ஆட்களாக இருக்க மாட்டார்கள். சப் கொன்ட்ராக்டரின் ஆட்கள், நாட்கூலிக்கு வந்தவர்கள், இரண்டு கிழமையில் மாறிப் போகிறவர்கள். அவர்களை வெளியே வைத்துவிட்டு நடத்தும் குழு பாதிக் கட்டடத்தைத்தான் பார்க்கும். ஆபத்தான வேலையும் அவர்கள் கையில்தான் இருக்கும். ஆள் மாறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு கேங்குக்கும் ஒருவரும் பதிலுக்கு இன்னொருவருமாக இரண்டு பேரைத் தெரிவு செய்யுங்கள். குழு பத்துப் பன்னிரண்டு பேரைத் தாண்ட வேண்டாம். கம்பனிப் பக்கம் உட்காருபவர்கள் எண்ணிக்கையில் உங்களை விடக் குறைவாக இருக்க வேண்டும்.

மொழி. கொழும்பு சைட்டில் இதைத் தள்ளிவிட்டு எதுவும் நடக்காது. காலை நேரப் பேச்சு சிங்களத்தில், நடுவே இங்கிலீஷ். நுவரெலியாப் பொடியன், மட்டக்களப்புப் பொடியன், கிளிநொச்சிப் பொடியன் எல்லோரும் தலையை ஆட்டுவான். விளங்கியதா என்று கேட்டால் அதற்கும் ஆட்டுவான். குழுக் கூட்டத்தில் யாரும் தன் மொழியில் பேசலாம், இரண்டும் தெரிந்த ஒருவர் உடனே மற்றதில் சொல்ல வேண்டும், குறிப்பு இரண்டிலும் எழுதித் தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் ஒட்ட வேண்டும் என்று முதல் நாளே முடிவெடுங்கள். நேரம் இரட்டிப்பாகும் என்று முறைப்பாடு வரும். ஆகட்டும். சிங்களப் பாஸ்மாரை (கைதேர்ந்த வேலைக்காரர்களை) எதிராளியாக நினைக்காதீர்கள், மேலேயிருந்து விழும் பலகை மொழி பார்க்காது. எங்கள் குழுவுக்கு மிகப் பெரிய பலமாக இருந்தது குருநாகலிலிருந்து வந்த ஒரு தச்சு பாஸ்.

கூட்டத்தை கன்டெய்னர் ஒபிசில் வைக்காதீர்கள். ஏசி அறையில், சப்பாத்தைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்து கதிரை நுனியில் உட்காருகிறவன் வாய் திறக்க மாட்டான். முதல் பதினைந்து நிமிடம் ஒரு மாடியைச் சுற்றி நடங்கள், பிறகு அங்கேயே நின்றபடி பேசுங்கள். எந்த மாடி என்பதை மனேஜர் தெரிவு செய்யக் கூடாது, நீங்கள் தெரிவு செய்யுங்கள். முந்தின நாளே சொல்லிவிட்டால் அந்த மாடி மட்டும் கல்யாண வீடு மாதிரி துப்புரவாக இருக்கும்.

எழுதுவதற்கு ஒரு சீஆர் கொப்பி போதும். கோடு போட்டு ஐந்து பகுதியாக்குங்கள்: திகதி, என்ன பிழை எந்த இடத்தில், யார் சொன்னது, யார் எப்போதைக்குள் சரிசெய்வது, சரியானதா. இந்தக் கடைசிப் பகுதியில் ஒரு விதி வையுங்கள். பிழையைச் சொன்ன ஆள் போய்ப் பார்த்து அவரே கையெழுத்துப் போட்டால்தான் அது முடிந்தது. ஒபிசர் "முடிந்தது" என்று எழுதினால் செல்லாது. எங்கள் மூன்றாவது குழு உயிரோடு இருந்ததற்கு இந்த ஒரு விதிதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். தான் சொன்னது நடந்ததா என்று பார்க்க ஒரு நாட்கூலி ஆளைக் கூப்பிடுகிறார்கள் என்றால், அடுத்த கிழமை அவன் இன்னும் நாலு விஷயத்தைக் கொண்டுவருவான். மூன்று தடவை தவணை தாண்டிய விஷயத்தைச் சிவப்பு மையில் எழுதி, மனேஜர் இருக்கும்போது முதலாவதாக வாசியுங்கள்.

சரி, எதில் தொடங்குவது? பெரிய விஷயத்தில் தொடங்காதீர்கள். ஆட்கள் எதைக் கேட்கிறார்களோ அதில் தொடங்குங்கள். எங்களுக்கு முதலாவதாக வந்தது குடிதண்ணீர். 9ஆம் மாடியில் வேலை செய்பவர்கள் தண்ணீருக்குக் கீழே வந்து போனால் அரை மணி நேரம் போய்விடும், போர்மன் ஏசுவார். அதனால் கொங்கிரீட்டுக்கு ஊற்றுகிற குழாயில் வாய் வைத்தார்கள். சேஃப்டி ஒபிசர், "இது பாதுகாப்பு விஷயம் இல்லையே, நலன்புரி விஷயம்" என்றார். கொழும்பு ஏப்ரல் வெயிலில் ஸ்லாப்பின் மேல் நிற்பவனுக்குத் தலை சுற்றினால் அது எந்த விஷயம்? மூன்று மாடிக்கு ஒரு தண்ணீர்ப் பீப்பா வைக்க இரண்டு நாள்தான் எடுத்தது. அதற்குப் பிறகுதான் ஆட்கள் லிப்ட் குழியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். சம்பளப் பாக்கி, ஓட்டி (ஓவர்டைம்) கணக்கு, ஈபீஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) போடாதது எல்லாமும் வரும். அவற்றை வேறு தாளில் எழுதி வேறு வழியில் கொண்டுபோங்கள். கொப்பிக்குள் கலந்தால் கம்பனி அதைச் சாட்டாக வைத்து முழுக் கொப்பியையும் மூடிவிடும்.

லிப்ட் குழி என்றேன். நடந்ததைச் சொல்கிறேன். 12ஆம் மாடியில் ஒரு திறப்பை ப்ளைவூட் பலகையால் மூடியிருந்தார்கள். ஆணி அடிக்கவில்லை. ஷட்டரிங் கேங்கில் புதிதாக வந்த பொடியன் ஒருவனிடம் போர்மன், "அங்கே கிடக்கிற பலகையை எடுத்துக்கொண்டு வா" என்கிறார். பொடியன் குனிந்து இரண்டு கையாலும் பலகையை முன்னால் தூக்குகிறான். எட்டடிப் பலகை, முகத்தை மறைக்கிறது. நடக்க ஒரு அடி முன்னால் வைக்கிறான். அந்த அடி குழிக்குள் போகிறது. பலகை குறுக்கே விழுந்து விளிம்பில் மாட்டியதால் அதைக் கட்டிப்பிடித்துத் தொங்கினான், பக்கத்தில் நின்றவர்கள் இழுத்து எடுத்தார்கள். அருந்தப்பு, அதாவது மயிரிழையில் தப்பியது. தொடையில் மட்டும் தோல் உரிந்திருந்தது. மத்தியானம் சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேலைக்குப் போய்விட்டான். எங்கும் பதிவாகவில்லை. கூட்டித் துடைக்கிற அக்கா ஒருவர் கிழமைக் கூட்டத்தில் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்.

இது உலகம் முழுக்க ஒரே மாதிரி நடக்கிற விபத்து. குழியை மூடுகிற பலகையைச் சும்மா கிடக்கிற பலகை என்று நினைத்து எடுப்பவன், எடுத்த கையோடு அதே குழிக்குள் நடக்கிறான். எங்கள் ஒபிசர் எச்சரிக்கைப் பலகை மாட்டலாம் என்றார். குருநாகல் பாஸ், மூடி எல்லாவற்றுக்கும் சிவப்புப் பெயின்ட் அடித்து, மேலே தமிழில் 'குழி' என்றும் சிங்களத்தில் 'வள' என்றும் எழுதி, நாலு மூலையிலும் கொங்கிரீட் ஆணி அடிக்க வேண்டும் என்றார். சிவப்பு அடித்த பலகையை ஷட்டரிங் வேலைக்கு எடுத்தால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் திருட்டும் நிற்கும் என்பது அவர் கணக்கு. இரண்டு வாளி பெயின்ட். அதோடு முடிந்தது அந்தப் பிரச்சினை. வேலை தெரிந்தவன் சொல்லும் தீர்வு இப்படித்தான் இருக்கும், ஒபிசில் இருந்து வராது.

ஆகவே அருந்தப்பு எல்லாவற்றையும் கொப்பியில் ஏற்றுங்கள். சொன்னவனுக்கு ஏச்சு விழக் கூடாது. பெயர் போடப் பயந்தால் 'கம்பி கேங்' என்று மட்டும் எழுதுங்கள். கொஞ்ச நாள் அருந்தப்பு எதுவும் வராவிட்டால் சந்தோஷப்படாதீர்கள், ஆட்கள் சொல்வதை நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தம்.

சேஃப்டி பெல்ட் பற்றி ஒரு கணக்கைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், குழுவில் இதை ஒரு நாள் எல்லோருக்கும் அளந்து காட்டுங்கள். சாதாரண பெல்ட் கயிறு 1.8 மீட்டர். விழும்போது அதிர்ச்சியைத் தாங்குகிற பை கிழிந்து ஏறக்குறைய இன்னும் ஒரு மீட்டர் நீளும். முதுகில் உள்ள வளையத்திலிருந்து பாதம் வரை ஒன்றரை மீட்டர். மிச்சத்துக்கு ஒரு மீட்டர் விடுங்கள். கூட்டினால் ஐந்து மீட்டருக்கு மேல். ஒரு மாடி உயரம் மூன்று மீட்டர் சொச்சம்தான். காலடியில் இருக்கிற கம்பியில் கொளுவிக்கொண்டு முதலாம் மாடி விளிம்பில் நிற்பவன் விழுந்தால், கயிறு அவனைப் பிடித்து நிறுத்துவதற்கு முன்பே தரையில் அடிபடுவான். பெல்ட் போட்டிருந்தான் என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள், அவ்வளவுதான். தலைக்கு மேலே கொளுவினால் கதை வேறு. அதனால் "பெல்ட் போட்டாயா?" என்று கேட்பதை விட்டுவிட்டு "எங்கே கொளுவினாய்?" என்று கேட்கப் பழகுங்கள். அதற்கும் முதல், விளிம்பில் வேலி இருந்தால் பெல்ட்டே தேவைப்படாது: இடுப்புயரத்துக்கு மேல் ஒரு குழாய், நடுவில் ஒன்று, காலடியில் பலகை. தொங்குகிறவனை எப்படி இறக்குவது என்பதையும் முன்கூட்டியே பேசுங்கள். பெல்ட்டில் அசையாமல் தொங்கினால் காலில் இரத்தம் தேங்கி நிமிடக் கணக்கில் உயிருக்கு ஆபத்தாகும், தீயணைப்பு வரும் வரை பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இனி, வேலையை நிறுத்துவது. உங்கள் இரண்டாவது பயம் இங்கேதான் வரும்.

உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்புகிற தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகினால் அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்று சர்வதேச தொழில் அமைப்பின் 1981ஆம் ஆண்டு 155ஆம் இலக்கச் சமவாயம் சொல்கிறது. கனடாவின் ஒன்டாரியோவில் எலியட் லேக் யுரேனியம் சுரங்கத் தொழிலாளர்கள் 1974இல் வேலையை நிறுத்தி வெளியே வந்த பிறகுதான் அங்கே விசாரணை ஆணைக்குழு வந்தது, 1978இல் சட்டம் வந்தது. அறிய, பங்கெடுக்க, மறுக்க என்று மூன்று உரிமைகளை இன்றைக்கு எல்லோரும் சொல்வது அங்கிருந்து பரவியதுதான். இதெல்லாம் தெரிந்திருப்பது நல்லது. ஆனால் 15ஆம் மாடியில் காலை பத்து மணிக்கு போர்மன் கத்தும்போது சமவாயத்தின் இலக்கம் கைகொடுக்காது. முன்கூட்டியே எழுதிய ஒரு பக்கத் தாள் கைகொடுக்கும். அதில் இவை இருக்கட்டும்: எந்தெந்த நிலையில் யார் வேண்டுமானாலும் 'நிறுத்து', 'நவத்தன்ன' என்று சொல்லலாம், சொன்ன பிறகு யாரைக் கூப்பிட வேண்டும், அதுவரை அந்தக் கேங்குக்கு வேறு வேலை, சம்பளம் வெட்டு இல்லை. மனேஜரின் கையெழுத்தோடு அதைத் தேத்தண்ணி இடத்தில் ஒட்டுங்கள். நிலைகளைக் குறைவாக, தெளிவாக எழுதுங்கள்: கிரேன் தூக்கிய பாரத்துக்குக் கீழே ஆட்கள், வேலி இல்லாத விளிம்பு, முட்டுக் கொடுக்காத ஆழமான குழி, மழையில் நனைந்த வயர், இடி முழக்கம். மண் விஷயத்தில் கவனம். ஒரு கன மீட்டர் மண் ஏறக்குறைய ஒன்றரை டொன் இருக்கும், இடுப்பு வரை புதைந்தாலே ஆள் தப்புவது கஷ்டம்.

முதல் தடவை நிறுத்தும்போது தனியாக நிற்காதீர்கள். இரண்டு கேங் பிரதிநிதிகள் சேர்ந்து சொல்லுங்கள், ஒருவர் தமிழ், ஒருவர் சிங்களம் என்றால் இன்னும் நல்லது. படம் எடுங்கள், நேரத்தை எழுதுங்கள், கத்த வேண்டாம். எங்கள் சைட்டில் முதல் நிறுத்தம் நாற்பது நிமிடம்தான் நீடித்தது. இரண்டாவது தடவை போர்மனே எங்களைத் தேடி வந்து, "இதைப் பாருங்கள், செய்யலாமா?" என்று கேட்டார்.

வேலை போய்விடும் என்ற பயத்துக்கு என்னிடம் முழு மருந்து இல்லை. நாட்கூலிக்காரனை "நாளைக்கு வராதே" என்று சொல்வது சுலபம். ஆனால் பெயர் ஒட்டப்பட்ட குழுவில், எல்லாக் கேங்கிலும் ஆள் இருக்கும் குழுவில், ஒருவரை அனுப்புவது கம்பனிக்குச் சத்தமில்லாமல் முடிகிற காரியமல்ல. ஏழு பேர் சேர்ந்தால் தொழிற்சங்கம் பதியலாம், 1935ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையிலிருந்து நிறுத்துவதைக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் 1999ஆம் ஆண்டுத் திருத்தம் குற்றமாக்கியிருக்கிறது. குழு உறுப்பினர்கள் சங்கத்திலும் இருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். சேஃப்டி ஒபிசர்மார் சிலருக்கு இது பிடிக்காது.

மற்றச் சட்ட விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கட்டட வேலைக்கும் பொருந்தும். உயிரிழப்பையும், மூன்று நாளுக்கு மேல் வேலைக்கு வர முடியாமல் செய்கிற விபத்தையும் தொழில் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். நாரஹேன்பிட்டியில் இருக்கிறது, நேரில் போகலாம். "இரண்டு நாள் லீவு எடு, மூன்றாம் நாள் வந்து சும்மா உட்கார்" என்று அடிபட்டவனிடம் சொன்னால் ஏன் சொல்கிறார்கள் என்று இப்போது விளங்கும். அப்படி வந்து உட்கார வைத்ததையும் கொப்பியில் எழுதுங்கள். நட்டஈட்டுக்கு 1934ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 2022இல் அதைத் திருத்தி உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாயாக்கினார்கள், வேலைக்கு வரும்போதும் போகும்போதும் நடக்கும் விபத்தையும் சேர்த்தார்கள். அடிபட்டவனின் பெயர் அன்றைய வரவுப் புத்தகத்தில் இருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள், படம் எடுத்து வையுங்கள். சப் கொன்ட்ராக்டரின் ஆள் என்றால் இது இன்னும் அவசரம்.

1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம், அந்த இலக்கம் எல்லோருடைய போனிலும் இருக்கட்டும். சைட்டின் வாசல் எந்த ஒழுங்கையில் இருக்கிறது என்று தமிழிலோ சிங்களத்திலோ சரியாகச் சொல்லத் தெரிந்தவர் ஒவ்வொரு ஷிப்டிலும் இருக்க வேண்டும். காலி வீதிப் பக்கம் பேனர் தொங்கும், லொறி போகிற வாசல் பின்னால் மரைன் டிரைவ் பக்கம் இருக்கும். அம்புலன்ஸ் பேனரைப் பார்த்து நிற்கும். ஒரு தடவை ஒத்திகை பார்த்தால் இது தெரியும்.

டெங்குவும் உங்கள் குழுவின் விஷயம்தான், சிரிக்காதீர்கள். லிப்ட் குழியின் அடியிலும் ஸ்லாப்பின் மூலையிலும் தேங்கும் தண்ணீருக்கு 2007ஆம் ஆண்டு நுளம்புச் சட்டத்தின் கீழ் பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வழக்குப் போடலாம் என்பதால் கம்பனி உடனே அசையும். சைட்டிலேயே தகரக் கொட்டிலில் படுக்கிற ஆட்களுக்கு நுளம்பு வலை கேட்பதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

2018இல் தாமரைக் கோபுரத்தில் கட்டுமான நேரம் கிளிநொச்சிப் பொடியன் ஒருவன் விழுந்து இறந்தபோது எங்கள் சைட்டில் இரண்டு நாள் எல்லோரும் பெல்ட்டை ஒழுங்காகக் கொளுவினார்கள். மூன்றாம் நாள் பழையபடிதான். சாவுக்குப் பயந்து வருகிற கவனம் அவ்வளவுதான் நிற்கும். கொப்பியும் கிழமைக்கு ஒரு தடவை மாடியைச் சுற்றும் நடையும்தான் நாலாம் நாளைக்கும் வரும்.

முதல் கூட்டத்துக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். மத்தியான இடைவேளையில், குழுவுக்கு வரப்போகிறவர்களில் இருவரைக் கூட்டிக்கொண்டு ஒரே ஒரு மாடிக்குப் போங்கள். தரையில் கிடக்கிற ஒவ்வொரு பலகையையும் காலால் தள்ளிப் பாருங்கள், குனிந்து தூக்க வேண்டாம். அசைகிற பலகைகளை எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையை கொப்பியின் முதல் பக்கத்தில், திகதி போட்டு எழுதுங்கள்.